பாடுவோர் படிக்க வேண்டிய பத்திரம்



ஊரை விட்டு எத்தனை தூரம் வந்தாலும் நம் குடும்பங்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டு வரவில்லை. ஒன்று காலைக் காப்பி. மற்றொன்று பிள்ளைகளுக்குப் பாட்டு. லேக் மார்க்கெட் பக்கம் மாலையில் நடந்தால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஸரளி வரிசை கேட்காமல் இராது. நவராத்திரிக்கும் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கும் மேடை ஏறும் பிள்ளைகளில் சிலர் உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு என்றாவது ஒரு நாள், "உங்கள் குரலை நாங்கள் வெளியிடுகிறோம்" என்று ஒரு கம்பெனியிடமிருந்து அழைப்பு வரும். அந்த நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரயில்வேயில் பாலமும் குடியிருப்பும் கட்டியவனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ராகத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தென்கிழக்கு ரயில்வேயில் ஐ.ஓ.டபிள்யூ.வாகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒப்பந்தக்காரர்களோடும் அவர்களது பத்திரங்களோடும் காலம் தள்ளியவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். இசைக் கம்பெனியின் பெயரில் ஏமாற்றுபவன் இசையில் ஏமாற்றுவதில்லை. காகிதத்தில்தான் ஏமாற்றுகிறான். ஆகவே பாட்டுக் கற்பவர்கள் அந்தக் காகிதத்தைப் படிக்கவும் கற்க வேண்டும்.

ஒரு பாட்டில் எத்தனை சொத்து?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு பாட்டு என்பது நம் காதுக்கு ஒன்று. சட்டத்தின் கண்ணுக்கு அது நான்கு தனித்தனிச் சொத்துகள்.

முதலாவது பாடல் வரிகள். இது எழுதியவருடையது. இரண்டாவது மெட்டு. இது இசையமைத்தவருடையது. இவ்விரண்டுக்கும் நம் நாட்டில் பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் உண்டு. மூன்றாவது ஒலிப்பதிவு. 'மாஸ்டர்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். இது பெரும்பாலும் பணம் போட்டவருடையது. வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு இதற்கு உரிமை. நான்காவது, பாடியவரும் வாசித்தவரும் தம் நிகழ்த்துதலில் கொண்ட உரிமை. இதற்கு 50 ஆண்டு.

ஒரே பையனோ பெண்ணோ தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, தன் செலவில் பதிவு செய்தால் நான்கும் அவருக்கே சொந்தம். "எல்லா உரிமையும் கம்பெனிக்கு" என்று ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டால், நான்கு வீட்டின் சாவியையும் ஒரே கொத்தாகக் கொடுத்ததற்குச் சமம். கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா?

கூலியா, பங்கா?

இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் தொடங்கியது நாம் வாழும் இந்த ஊரில்தான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வது பழைய தட்டுகளில் கேட்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும், அதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1908-இல் சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகு இங்கேயே தட்டுகள் அச்சாயின.

கௌஹர் ஜான் ஏற்கெனவே பெரும் புகழ் பெற்றவர். தம் விலையைத் தாமே சொல்லக் கூடியவர். பெயர் இல்லாதவர்களின் நிலை வேறு. பாடிய நாளுக்கு ஒரு தொகை, அதோடு கணக்குத் தீர்ந்தது. இதைத்தான் நான் 'கூலி' என்கிறேன். தட்டு விற்கும்தோறும் ஒரு பகுதி வருவது 'பங்கு'. ஆங்கிலத்தில் ராயல்டி. கூலி வாங்குவது இழிவு அன்று. அவசரத் தேவைக்குக் கூலியே நல்லது என்று ஒருவர் தீர்மானிக்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம், எதை விடுகிறோம் என்று அறியாமல் வாங்குவதில்தான் ஆபத்து.

பத்து ஷில்லிங் பாட்டு

அதே காலத்தில் பிரிட்டிஷ் கொடியின் கீழிருந்த இன்னொரு நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே ஸாலமன் லிண்டா என்ற ஜூலு இனப் பாடகர் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ என்னும் இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்து வந்தார். 1939-இல் அதே கம்பெனிக்காகத் தம் குழுவினருடன் 'எம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். எம்பூபே என்றால் ஜூலு மொழியில் சிங்கம். பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். 1949-க்குள் அந்தத் தட்டு ஏறத்தாழ 1 லட்சம் விற்றது.

பிறகு அந்தப் பாட்டு கடல் கடந்தது. பீட் ஸீகர் என்ற அமெரிக்கப் பாடகர் அதைக் கேட்டுத் தம் குழுவுடன் பாடினார். 1961-இல் 'தி டோக்கன்ஸ்' என்ற குழு புதிய ஆங்கில வரிகளுடன் பாடியது உலகப் புகழ் பெற்றது. 1994-இல் வந்த 'தி லயன் கிங்' படத்திலும் அது ஒலித்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். லிண்டா 1962-இல் காலமானபோது அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. கல்லறைக்கு ஒரு கல் நடக் கூட அப்போது குடும்பத்திடம் பணம் இல்லை.

கதை அங்கே முடியவில்லை. 2000-இல் ரியான் மாலன் என்ற பத்திரிகையாளர் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். வழக்கறிஞர்கள் பழைய சட்டத்தைப் புரட்டினார்கள். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில், படைத்தவர் தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுக்குப் பின் அது வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதன்படி 1987-இலேயே உரிமை திரும்பியிருக்க வேண்டும் என்று லிண்டாவின் புதல்வியர் சார்பில் 2004-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006-இல் சமரசம் ஏற்பட்டு, சென்றதற்கு ஒரு தொகையும் இனி வருவதில் பங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டன. அதே 1911 சட்டம்தான் சில மாற்றங்களோடு 1914-இல் இந்தியாவிலும் அமலுக்கு வந்தது என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இதில் பாடம் என்ன? உதவிக்குச் சட்டம் அப்போதே இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. லிண்டா இறந்து 40 ஆண்டுக்கு மேல் ஆன பிறகே நியாயம் வந்தது.

விற்க விற்கக் கடன்

பங்கு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போதுமா? போதாது. 'டி.எல்.சி.' என்ற அமெரிக்கப் பெண்கள் மூவரின் குழு 1994-இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் அந்நாட்டில் மட்டும் 1 கோடிப் பிரதிகள் வரை விற்றது. அந்த விற்பனை மும்முரமாக நடந்த 1995 ஜூலையிலேயே அவர்கள் சுமார் 35 லட்சம் டாலர் கடன் என்று திவால் மனுக் கொடுத்தார்கள். ஓர் ஆல்பத்துக்கு மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 56 சென்ட் அளவே என்று அப்போது செய்தி வந்தது. கடனுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், இவ்வளவு விற்றவர்கள் திவாலாவது எப்படி என்று உலகமே வியந்தது.

எப்படி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ளது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்கு.

முன்பணம் 2 லட்சம், ஒலிப்பதிவு 3 லட்சம், படப்பிடிப்பு 3 லட்சம், விளம்பரம் 2 லட்சம், ஆக 10 லட்சம் ரூபாயைக் கம்பெனி செலவு செய்கிறது. "இவை யாவும் கலைஞரின் பங்கிலிருந்து ஈடுசெய்யப்படும்" என்று பத்திரத்தில் ஒரு வரி. கம்பெனிக்கு ஒரு தட்டுக்கு வரும் விலை 100 ரூபாய். கலைஞருக்கு 10 சதவீதம், அதாவது 10 ரூபாய். இதில் உறைச் செலவு என்று கால் பங்கு கழிவு. மீதி ரூ.7.50. பிறகு 'உடைசல்' என்று 10 சதவீதம். மீதி ரூ.6.75.

இந்த உடைசல் கழிவுக்கு ஒரு வரலாறு உண்டு. அரக்கில் செய்த பழைய தட்டுகள் வழியில் உடையும். அதற்காக வந்த கழிவு இது. உடையாத பிளாஸ்டிக் தட்டு வந்த பிறகும் பல ஒப்பந்தங்களில் அந்த வரி மட்டும் உடையாமல் நீடித்தது!

இனி 10 லட்சத்தை ரூ.6.75-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,48,148 தட்டுகள் விற்கும் வரை கலைஞருக்கு முன்பணத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது. அதற்குள் கம்பெனிக்கு வந்திருப்பது சுமார் 1 கோடியே 48 லட்சம். தயாரிப்புச் செலவும் நிர்வாகச் செலவும் அதில் உண்டுதான். ஆனால் பதிவுச் செலவைத் தன் பங்கிலிருந்து கட்டி முடித்தவர் கலைஞர். கட்டி முடித்த பிறகும் மாஸ்டர் யாருடையது? கம்பெனியுடையது. நம் கூட்டுறவுச் சொசைட்டியில் கடன் வாங்கி வீடு கட்டினால் கடைசித் தவணையோடு பத்திரம் கைக்கு வரும். இங்கே தவணை முடிந்தாலும் பத்திரம் வராது.

இவ்வகை ஒப்பந்தம் சட்டவிரோதமும் அன்று, செய்பவர்கள் எல்லோரும் மோசக்காரர்களும் அல்லர். பத்துப் பேருக்குச் செலவிட்டு ஓரிருவரிடம் லாபம் பார்க்கும் தொழில் அது. மோசம் எங்கே தொடங்குகிறது என்றால், கணக்கைக் காட்டாதபோது. ரயில்வேயில் எம்.பி. என்னும் மெஷர்மென்ட் புத்தகம் உண்டு. அளந்து அதில் ஏறாத வேலைக்குப் பில் இல்லை. ஏறிய அளவை மேலதிகாரி மறுபடி அளந்து சோதிப்பார். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். எத்தனை விற்றது என்று கம்பெனி சொல்வதை, கலைஞரின் ஆள் போய்ப் பார்த்துச் சரிபார்க்கும் உரிமை பத்திரத்தில் இல்லையென்றால், பங்கு 10 சதவீதமானாலும் 50 சதவீதமானாலும் ஒன்றுதான்.

பாடுபவரிடமே பணம் கேட்பவர்கள்

மேலே சொன்னதில் கம்பெனியாவது பணம் போட்டது. இதைவிடக் கீழான வகை ஒன்று உண்டு. அது கலைஞரிடமே பணம் வாங்கும். அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, "உங்கள் கவிதையை அனுப்புங்கள், மெட்டமைத்துத் தருகிறோம், புகழும் பணமும் நிச்சயம்" என்று பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் செய்தவர்கள் இருந்தார்கள். வந்த கவிதை எல்லாம் 'அபாரம்'. கட்டணம் மட்டும் முன்கூட்டியே. இவர்களை அந்நாட்டு இசைத் தொழிலில் 'சாங் ஷார்க்', அதாவது பாட்டுச் சுறா என்றே அழைத்தார்கள்.

நம் குடும்பங்களிலும் இது நடந்திருக்கிறது. 1990-களின் நடுவில் நான் கரக்பூரில் இருந்தபோது எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றாள். பெயர் பத்திரிகையில் வந்த பதினைந்தாம் நாள் வெளியூர் கேஸட் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம். பக்திப் பாடல் கேஸட், அகில இந்திய வெளியீடு, 35,000 ரூபாய் 'பங்களிப்பு'. அவள் தகப்பனார் பி.எஃப். முன்பணம் எடுத்துக் கட்டினார். ஒரே பகலில் பதிவு முடிந்தது. ஆறு மாதம் கழித்து ரயில்வே பார்சலில் 300 கேஸட்டுகள் அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. எந்தக் கடையிலும் ஒன்று கூட இல்லை. அதற்குப் பிறகே அந்த ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டு வந்தார்கள். ஒரே பக்கம். 'முயற்சி செய்யப்படும்' என்ற சொல் மூன்று இடத்தில். எத்தனை பிரதி, எந்த ஊர், எந்தத் தேதி என்று ஓர் எண் கூட இல்லை. எண் இல்லாத பத்திரத்தை வைத்து எதைக் கேட்பது? பணத்தை அவர்கள் சில ஆண்டில் மறந்தார்கள். அந்தப் பெண் மட்டும் "நான் நன்றாகப் பாடவில்லை, அதனால்தான் விற்கவில்லை" என்று எண்ணிக்கொண்டு சுருதிப் பெட்டியைத் தொடுவதை விட்டாள். விற்பனைக்கே வராத பாட்டு எப்படி விற்கும் என்று நாங்கள் எத்தனையோ சொன்னோம், பயனில்லை.

இன்று கேஸட் போய்விட்டது, முறை போகவில்லை. 'உலகெங்கும் டிஜிட்டல் வெளியீடு' என்று லட்சம் கேட்கிறார்கள். ஒரு பாட்டை இணைய இசைச் சேவைகளில் ஏற்றுவதற்கு விநியோக நிறுவனங்கள் வாங்குவது ஆண்டுக்குச் சிறு கட்டணம்தான். ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுங்கள், வாத்தியக்காரருக்குச் சன்மானம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அது நேர்மையான செலவு. ஆனால் 'உன்னைப் பிரபலமாக்குகிறேன்' என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்பவருக்கு உங்கள் பாட்டு விற்க வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய வியாபாரம் உங்கள் காசோலையோடு முடிந்துவிட்டது.

நம் சட்டம் என்ன தருகிறது?

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. வெகுகாலம் அது பாடகரைக் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் லதா மங்கேஷ்கர் பாடகருக்கும் ராயல்டி வேண்டும் என்றார். முகம்மது ரஃபி, பேசிய தொகை வந்தால் கணக்கு முடிந்தது என்றார். அந்தக் கருத்து வேற்றுமையில் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் பாடகருக்கு உரிமை இல்லாத குறையைத் தனியே எடுத்துக் காட்டினார். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நிகழ்த்துவோருக்கு முதல் முறையாக உரிமை கிடைத்தது. 2012-இல், மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் வாதாடிய பின்னணியில், பெரிய திருத்தம் வந்தது. நமக்கு வேண்டியவற்றை மட்டும் தருகிறேன்.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு, என்ன தொகை என்று குறிப்பிட வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதி ஆகும். பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய சம பங்கு ராயல்டியைக் கம்பெனிக்கு விட்டுக் கொடுக்க முடியாது. விட்டதாக எழுதினாலும் அது செல்லாது. பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பாடியவருக்கும் ராயல்டி உண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்த மொஹரி பீபி வழக்கு நம் கல்கத்தாவிலிருந்து போனதுதான். ஆகவேதான் கம்பெனி பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கும். பாட்டு பிள்ளையினுடையது. பொறுப்பு நம்முடையது.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது?

2. நான்கு சொத்துகளில் எவை எவை கைமாறுகின்றன?

3. எத்தனை ஆண்டு? முடிந்ததும் மாஸ்டர் யாரிடம்?

4. எந்தெந்தச் செலவு நம் பங்கில் கழிக்கப்படும்? அதற்கு உச்சவரம்பு உண்டா?

5. கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? நம் ஆடிட்டர் போய்ப் பார்க்கலாமா?

6. இந்தக் காலத்தில் வேறு இடத்தில் பாடத் தடை உண்டா? சங்க மேடைக்கும் கோயிலுக்கும் கூடவா?

7. 'இன்றுள்ளதும் இனி வருவதுமான எல்லாத் தொழில்நுட்பத்திலும்' என்ற வரி இருக்கிறதா? கணினி ஒருவர் குரலைப் போலி செய்யும் காலம் இது. 2024-இல் பாடகர் அரிஜித் சிங் இதற்காகவே பம்பாய் உயர் நீதிமன்றம் சென்று தடை பெற்றார். குரலின் உரிமையைத் தனியாகப் பேசுங்கள்.

"இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் வாய்ப்பு வேறு ஒருவருக்கு" என்று அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெண்டருக்குக் கூட அவகாசம் உண்டு. பத்திரத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பாட்டு வாத்தியாரையும் கூட வைத்துக்கொண்டு ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். புரியாத வரி வந்தால் ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது. எழுதுபவரும் மெட்டமைப்பவரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸிலும், பாடுபவர் பாடகர்களின் உரிமைச் சங்கமான இசாம்ராவிலும் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள்.

நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் கேள்வி கேட்பவரை மதிப்பார்கள். கேள்வி கேட்டதும் முகம் மாறுபவரிடம் நம் பிள்ளையின் குரலை ஒப்படைக்க வேண்டியதில்லை. தாளம் தப்பாமல் பாடக் கற்றுக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் செலவிடுகிறோம். பத்திரம் படிக்கக் கற்றுக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.